நின்றபடியே முதுமையடையும் டயர்கள்: டிரெய்லர் வண்டிச் சக்கரங்களைப் பேணும் முறை

உழவுத் தொழிலுக்கென வாங்கப்படும் கருவிகளுள் பெரும்பாலானவை உழைப்பினால் தேய்கின்றன. கலப்பையின் கொழு மண்ணில் உராய்ந்து தேய்கிறது. கதிர் அரிவாள் சாணையில் தேய்கிறது. டிராக்டரின் பின்னே பூட்டப்படும் டிரெய்லர் வண்டியின் டயர் இவ்விதிக்குப் பெரிதும் புறம்பானது. அது ஓடித் தேய்வதற்கு முன்பே, நின்ற இடத்தில் நின்றபடியே மூப்படைந்து கெட்டுவிடுகிறது. தரையைத் தொடும் பட்டன்கள் புதியனபோல் உயர்ந்து நிற்கும். ஆயினும் பக்கச் சுவரில் விரல் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான வெடிப்புகள் தென்படும். இவ்வாறு கெடுவது ஏன் என்பதையும், எந்த அளவுக்கு இதைத் தடுக்க இயலும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டயர் என்பதற்கு உருளிப்பட்டை என்றும் வேறு பலவாறும் தமிழில் எழுதியோர் உண்டு. பஞ்சர் கடையில் செல்லாத சொல்லை ஏட்டில் மட்டும் வழங்குவதால் பயன் விளையாது. ஆதலின் டயர், டியூப், ரிம் முதலிய சொற்களை மக்கள் வழங்குகிறவாறே இங்கு எடுத்தாளுவோம்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது பாலசமுத்திரம். (ஆந்திரத்தில் அனந்தப்பூர்ப் பக்கம் இதே பெயருடைய ஊர் ஒன்று உண்டு, அது வேறு.) 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று இரு இராஜ்யங்களின் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தன, இவ்வட்டாரம் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக் கோடு மாறினாலும் வண்டித் தடங்கள் மாறவில்லை. கரும்பும், மாங்காயும், நிலக்கடலையும் இன்றும் அத்தடங்களில்தான் செல்கின்றன. கரும்பு வெட்டு நடைபெறும் குளிர்கால மாதங்களில் டிரெய்லர்களுக்கு ஓய்வில்லை. அதன்பின் மாங்காய்ப் பருவத்தில் சில வாரங்கள் வேலை உண்டு. மற்ற நாள்களில் அவை களத்து மேட்டிலோ, புளிய மரத்தின் அரைகுறை நிழலிலோ, வீட்டு வாயிலிலோ நிற்கின்றன. அவற்றுள்ளும் பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்கள், வெயில் மிகக் கொடுமையாக அடிக்கும் காலத்தில், பெரும்பாலும் வேலையின்றியே கழிகின்றன.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஆண்டில் நூறு நாள்கள், நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் வீதம் ஒரு டிரெய்லர் ஓடுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஆகிறது. நெடுஞ்சாலையில் செல்லும் லாரி இத்தூரத்தைப் பத்தே நாள்களில் கடந்துவிடும். லாரியின் டயருக்கு முதுமை வருமுன் தேய்வு வந்துவிடுகிறது. டிரெய்லரின் டயருக்கோ தேய்வு வருமுன் முதுமை வந்துவிடுகிறது. லாரிக்காரர் டயரைப் பட்டனைக் கொண்டு மதிப்பிடுவது முற்றிலும் பொருத்தமே. அதே அளவுகோலைக் கொண்டு டிரெய்லர் டயரை மதிப்பிடுவதுதான் அபாயகரமானது.

ரப்பரின் இயல்பு

ரப்பர் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் பச்சை ரப்பர், வெயிலில் பிசுபிசுத்து இளகும்; குளிரில் விறைத்துவிடும். 1830-களில் அமெரிக்காவில் ரப்பர்ச் சாமான்கள் செய்யத் தொடங்கிய கம்பெனிகள் பல, கோடை வெப்பத்தில் தங்கள் சரக்கெல்லாம் உருகி நாற்றமெடுத்ததால் நொடித்துப்போயின. 1839-இல் சார்லஸ் குட்இயர் என்பார், ரப்பருடன் கந்தகத்தைக் கலந்து சூடேற்றினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். தனித்தனியே வழுக்கிச் செல்லும் இச்சங்கிலிகளைக் கந்தகம் ஆங்காங்கே குறுக்குப் பாலம் போல் பிணைத்துவிடுகிறது. மீன் வலையின் முடிச்சுகளைப் போல் இப்பிணைப்புகள் நிற்பதனால், இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் குணம் ரப்பருக்கு நிலைபெறுகிறது.

ஆயினும் இச்சங்கிலிகளில் ஒரு பலவீனம் உண்டு. அவற்றில் கரி அணுக்கள் சில இடங்களில் இரட்டைப் பிணைப்பினால் இணைந்துள்ளன. கந்தகம் பற்றிக்கொள்வதற்கு இடம் கொடுப்பது இந்த இரட்டைப் பிணைப்பே. பின்னர் பிராணவாயுவும் ஓஸோனும் புகுந்து தாக்குவதற்கு வாயிலாக அமைவதும் அதுவே. ரப்பரை உபயோகமுள்ளதாக்கும் குணமும், அதை அழிக்கும் குணமும் ஒரே இடத்திலிருந்து தோன்றுகின்றன.

டயரின் கறுப்பு நிறமும் இங்குக் கவனிக்கத்தக்கது. தொடக்க காலத்து டயர்கள் வெளிறிய நிறத்தில் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எண்ணெய் அல்லது வாயுவை அரைகுறையாக எரித்துப் பெறும் நுண்ணிய புகைக்கரியை ரப்பரில் கலந்தால் அதன் உறுதியும் உழைப்பும் பன்மடங்கு பெருகுவது கண்டறியப்பட்டது. அதோடு, சூரிய ஒளியிலுள்ள ஊதாக்கடந்த கிரணங்களைப் புகைக்கரி மேற்பரப்பிலேயே உறிஞ்சி நிறுத்திவிடுகிறது. ஆனால் கறுப்பு நிறம் வெப்பத்தையும் உறிஞ்சுவதால், ஒளியிலிருந்து காக்கும் அப்பொருளே டயரை வெயிலில் மிகுதியாகச் சூடேறச் செய்கிறது.

மூன்று பகைவர்

டயரின் முதற் பகை வெப்பத்தோடு கூடிய பிராணவாயு. காற்றிலுள்ள பிராணவாயு ரப்பருக்குள் மெல்லப் புகுந்து அதனுடன் ரசாயனச் சேர்க்கை கொள்கிறது. ரப்பரின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு பிராணவாயு சேர்ந்தாலே போதும், அது உபயோகமற்றதாகிவிடும். டயரைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரும்பாலும் இறுகிப்போதலே. நெளிந்து கொடுக்க வேண்டிய பொருள் நொறுங்கும் தன்மையை அடைகிறது. உஷ்ணம் பத்து டிகிரி சென்டிகிரேடு உயருந்தோறும் இத்தகைய ரசாயன மாறுதலின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பது பொதுவான கணக்கு. நிழலில் 35 டிகிரியில் இருக்கும் டயர் வெயிலில் 55 டிகிரியை எட்டுமாயின், அந்நேரத்தில் அது நான்கு மடங்கு வேகத்தில் முதுமையடைகிறது எனலாம். சித்திரை மாதத்து ஒரு நண்பகல், மார்கழி மாதத்துப் பல நாள்களுக்குச் சமம்.

பிராணவாயு வெளியிலிருந்து மட்டும் தாக்குவதில்லை. டயருக்குள் அடைக்கப்பட்ட காற்று, வெளிக்காற்றைப் போல் பன்மடங்கு அழுத்தத்தில் இருப்பதால், உள்ளிருந்து வெளியே பிராணவாயு ஓயாது ஊடுருவிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒருமுறையும் தரையில் உருளாத ஸ்டெப்னி டயருக்கும் வயது ஏறுகிறது. அமெரிக்காவில் அரிஸோனாவைச் சேர்ந்த பீனிக்ஸ் என்னும் வெப்ப மிகுந்த நகரத்தில், நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையினர் உபயோகத்திலிருந்த டயர்களைத் திரட்டிச் சோதித்தபோது, ஸ்டெப்னி டயர்களும் முதுமையடைந்திருந்தமை உறுதிப்பட்டது. ஸ்டெப்னி புதிதாகவே இருக்கிறது என்ற நம்பிக்கையில், ஐந்தாறு ஆண்டுகள் வெயிலில் கட்டித் தொங்கவிட்ட டயரைக் கரும்புப் பாரத்தின் கீழ் மாட்டுவோர் இதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது பகை ஓஸோன். மூன்று பிராணவாயு அணுக்கள் சேர்ந்த இவ்வாயுவை 1840-இல் ஷோன்பைன் என்னும் ரசாயன நிபுணர் கண்டறிந்து, மணத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார். வானத்தின் உயர்ந்த மண்டலத்தில் இருந்து நமக்கு நன்மை செய்யும் ஓஸோன், தரையருகே மிகச் சிறு அளவில் இருந்தாலும் ரப்பருக்குக் கேடு விளைவிக்கிறது. வண்டிகளின் புகையிலுள்ள வாயுக்கள் மீது சூரிய ஒளி படுவதால் இது தரையருகே உண்டாகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் புகைப்பனி மூடத் தொடங்கிய காலத்தில், டயர்களும் ரப்பர்க் குழாய்களும் அங்கு வழக்கத்தை விட விரைவில் வெடித்தன. 1950-களில் ஹாகன் ஸ்மித் என்னும் விஞ்ஞானி அப்புகைப்பனியின் தன்மையை ஆராய்ந்தபொழுது, வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டுகள் எவ்வளவு நேரத்தில் வெடிக்கின்றன என்பதைக் கொண்டே காற்றிலிருந்த ஓஸோனை அளந்தார்.

வளைத்துக் கட்டிய என்ற சொல்லை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தளர்ந்த நிலையில் கிடக்கும் ரப்பரை ஓஸோன் மேற்பரப்பில் மட்டுமே தொடுகிறது, வெடிப்பு உண்டாவதில்லை. இழுபட்டு நீண்ட நிலையில் இருந்தாலோ, அறுந்த மூலக்கூறுகள் விலகி வழிவிட, அடியில் உள்ள புதிய ரப்பர் வெளிப்பட, அதையும் ஓஸோன் தாக்க, வெடிப்பு ஆழமாகிக்கொண்டே போகிறது. பாரம் தாங்கி ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் டயரின் அடிப்புறம் புடைத்து, பக்கச் சுவர் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது. ஓஸோனுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. டிரெய்லரைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று பின்னர்க் கூறப்போவதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது பகை ஒளி. இதன் செயல் மேற்பரப்போடு நின்றுவிடுவதாயினும், அதன் அடையாளத்தை அறிந்துகொள்வது நலம். ஓஸோன் உண்டாக்கும் வெடிப்புகள் இழுப்பின் திசைக்குக் குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையாக வரிவரியாய் அமைகின்றன. ஒளியினால் உண்டாகும் வெடிப்புகளோ திசை எதுவுமின்றி, நீர் வற்றிய ஏரியின் வண்டல் வெடிப்பதைப்போல் கட்டம் கட்டமாகக் காணப்படும். சமுத்திரம் என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஏரியை ஒட்டி எழுந்த ஊர்களுக்கே அமைந்தவை. அவ்வூரார்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. வண்டல் வெடிப்பு மேலோட்டமானது. பொதுவாக உடனடி அபாயமில்லை. வரிவெடிப்போ ஆழம் செல்லக்கூடியது. அது ரப்பரைக் கடந்து உள்ளே இருக்கும் நைலான் நூலடுக்கை எட்டினால், மழைநீரும் மண்ணும் உள்ளே புகுந்து அடுக்குகளைப் பிரிக்கத் தொடங்கும்.

ஓடும் டயர் நன்றாயிருப்பது ஏன்

டயர் செய்வோர் இப்பகைவரை அறியாதவர் அல்லர். ரப்பருடன் மெழுகையும், ஓஸோனைத் தடுக்கும் ரசாயனப் பொருள்களையும் அவர்கள் கலக்கிறார்கள். இவை மெல்ல மெல்ல உள்ளிருந்து மேற்பரப்புக்கு ஊறி வருகின்றன. மெழுகு ஒரு மெல்லிய படலமாகப் படிந்து ஓஸோனைத் தடுக்கிறது. ரசாயனப் பொருளோ தானே முந்திக்கொண்டு ஓஸோனுடன் சேர்ந்து, ரப்பரைத் தப்புவிக்கிறது. பழைய டயரின் மேல் காணும் பழுப்பு நிறப் பூச்சு இதனுடைய அடையாளம். அதை அழுக்கென்று எண்ணிப் பெட்ரோல் இட்டுத் துடைப்பவர், காசு கொடுத்து வாங்கிய கவசத்தைத் தாமே கழற்றி எறிகிறார்.

டயர் ஓடும்போது நெளிந்து கொடுப்பதால் இப்பாதுகாப்புப் பொருள்கள் மேற்பரப்புக்கு வருவது தூண்டப்படுகிறது. நின்றுகொண்டே இருக்கும் டயரில் அத்தூண்டுதல் குறைவு. மெழுகுப் படலம் மட்டும் உதவும்; கடும் வெயிலில் அதுவும் ரப்பருக்குள் மீண்டும் கரைந்துபோவதுண்டு. எனவே நிற்கின்ற டயர் நிழலில் நிற்க வேண்டும்.

ஓஸோனைத் தடுக்கும் பொருள்களுள் உலகெங்கும் மிகுதியாக வழங்கிவருவது 6 பி.பி.டி. எனப்படும் ரசாயனம். இது ஓஸோனுடன் சேர்வதால் உண்டாகும் வேறொரு பொருள், சாலையில் தேயும் டயர்த் தூளிலிருந்து மழைநீரோடு ஓடைகளில் கலந்து, அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ வகை சால்மன் மீன்களைக் கொல்லுகிறது என 2020-ஆம் ஆண்டின் இறுதியில் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். அதற்கு மாற்று தேடும் ஆராய்ச்சி அதன்பின் தீவிரமடைந்தது. டயரைக் காப்பதற்கு இடப்படும் மருந்தும் விலையின்றிக் கிடைப்பதன்று என்பதற்காகவே இதை ஈண்டுக் குறித்தோம்.

வண்டியை நிறுத்திவைக்கும் முறை

பருவம் முடிந்ததும் செய்ய வேண்டிய முதற் காரியம், டிரெய்லரில் உள்ள பாரத்தை முழுவதும் இறக்குவது. எரு, செங்கல், ஜல்லி முதலியவற்றை இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்து, மாதங்கள் கழிவது நாட்டுப்புறத்தில் காணும் சாதாரணக் காட்சி. அவ்வாறு நிற்கும் டயர் வேலை செய்யாமலேயே முழு வேலை செய்கிறது.

இரண்டு மாதங்களுக்கு மேல் வண்டி நிற்குமானால், ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சின் அடியில் இருபுறமும் கருங்கல்லோ கனத்த மரக்கட்டையோ முட்டுக் கொடுத்து, டயர் தரையைத் தொடாதவாறு நிறுத்துவது சாலச் சிறந்தது. ஜாக்கியை மட்டும் நம்பி விட்டுவிடலாகாது. அது சரிந்தால் அருகே விளையாடும் குழந்தைகளுக்கு உயிராபத்து. இரு சக்கர டிரெய்லராயின் முன்புறத் தாங்கியையும் உறுதியாக ஊன்ற வேண்டும். இவ்வாறு தூக்கிய பின் டயரிலுள்ள காற்றைச் சிறிது குறைக்கலாம். ரப்பரின் இழுப்பும், உள்ளிருந்து ஊடுருவும் பிராணவாயுவும் அதனால் குறையும். முற்றிலும் காற்றை இறக்கிவிடுதல் தவறு. டயரின் ஓரம் ரிம்மை விட்டு நழுவும், டியூபும் மடிந்து கெடும். காற்றைக் குறைத்ததை மறந்து மீண்டும் பாரம் ஏற்றுவது பெருங்கேடாதலின், வண்டியின் முன்பலகையில் சுண்ணாம்பினால் எழுதி வைப்பது நன்று.

தூக்கி நிறுத்த வசதியில்லாதவர், டயரில் குறித்துள்ள அளவுக்குக் காற்றை நிரப்பி, சக்கரத்தின் கீழ்ப் பலகை இட்டு நிறுத்தி, மாதம் ஒருமுறை வண்டியைச் சிறிது நகர்த்தி, வேறொரு பகுதி தரையில் படும்படி செய்யலாம். தூக்கி நிறுத்துவதற்கு இது ஈடாகாது. எனினும் ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட எவ்வளவோ மேல்.

நிழல் வேண்டும் என்றோம். கீற்றுக் கொட்டகை போதுமானது. கொட்டகை இல்லையெனில் சக்கரங்களை மட்டுமாவது வெள்ளை நிறச் சாக்கினாலோ, பழைய சுண்ணாம்பு மூட்டைப் பையினாலோ மூடலாம். கறுப்புத் தார்ப்பாயை டயரின் மேல் ஒட்ட மூடுவதால் ஒளி தடுக்கப்படினும் வெப்பம் அடைபடுகிறது. இடையே காற்றோட்டம் இருக்கும்படி மூடுதல் வேண்டும். கரும்புச் சோகையைக் குவித்து மறைப்பது மலிவான வழியாகத் தோன்றலாம். அது எலிகளுக்கு வீடாகும். ஒரு பொறி பட்டால் வண்டியே எரிந்துபோகும். டயர் ஒருமுறை தீப்பற்றினால் அணைப்பது எளிதன்று.

பட்டைவில்லுக்குத் துரு ஏறாமலிருக்கக் கழிவு எஞ்சின் எண்ணெயைப் பூசுவது வழக்கம். அவ்வழக்கம் தவறன்று, எண்ணெய் வழிந்து டயரின் மேல் சொட்டுவதுதான் தவறு. டீசல், பெட்ரோல், கிரீஸ், மண்ணெண்ணெய் ஆகிய யாவும் ரப்பருக்குள் புகுந்து அதை ஊதி மெலியச் செய்வன. டயரைக் கழுவச் சவக்காரமும் தண்ணீரும் போதும்.

கழற்றி வைக்கும் டயர்கள்

இரண்டாவது ஜோடி டயர்களை வைத்திருப்போர் அவற்றைப் பெரும்பாலும் மோட்டார் கொட்டகையிலோ, உர அறையிலோ போட்டு வைக்கின்றனர். மோட்டார் கொட்டகையில் கிரீஸும் டீசலும் இருக்கும். துலக்கி உள்ள மோட்டாரும் வெல்டிங் பொறியும் வேலை செய்யும் இடமாயின் மின்பொறியினால் ஓஸோனும் உண்டாகும். உர அறையைப் பற்றி இன்னும் ஒன்று கூற வேண்டும். மாமரத்திற்குத் தெளிக்கும் மயில்துத்தமும் பிற தாமிர மருந்துகளும் இயற்கை ரப்பருக்கு நஞ்சுக்கு ஒப்பானவை. தாமிரம், மாங்கனீசு ஆகிய உலோகங்களின் உப்புகள் மிகச் சிறிதளவு பட்டாலும், பிராணவாயு ரப்பரைத் தாக்கும் வேகத்தை அவை பெருக்கிவிடுகின்றன. இதனாலேயே ரப்பர்த் தோட்டங்களில் தாமிர மருந்து தெளிக்கும்போது, அது பாலில் கலவாதவாறு எச்சரிக்கையோடு இருக்கிறார்கள். மாந்தோப்பு உடையவர்கள் மருந்து மூட்டையையும் டயரையும் ஓரிடத்தில் வைக்கலாகாது. மருந்து தெளிக்கும் பீப்பாயை ஏற்றிச் சென்ற டிரெய்லரின் சக்கரங்களையும் அன்றே கழுவிவிடுதல் நலம்.

ரிம்மோடு கழற்றிய சக்கரங்களைக் காற்றைக் குறைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்கலாம். ரிம் இல்லாத வெறும் டயர்களைப் பலகையின் மேல் நிமிர்த்தி நிறுத்தி, மாதம் ஒருமுறை சிறிது உருட்டி வைக்க வேண்டும். படுக்க வைத்து அடுக்கினால் அடியிலுள்ளது நசுங்கி, ரிம்மில் ஏறாமல் தொல்லை தரும். ஆணியில் மாட்டித் தொங்கவிடுவது டயருக்கும் ஆகாது, டியூபுக்கும் ஆகாது. டியூபின் மேல் மாவுக்கல் தூள் தூவி, சிறிது காற்று ஏற்றி, டயருக்குள்ளேயே வைத்துவிடலாம். எல்லாவற்றையும் நன்கு உலர்த்திய பின்பே உள்ளே வைக்க வேண்டும்.

உலர்த்துதல் என்பது ரப்பரின் நலத்திற்காக மட்டும் கூறப்படவில்லை. வெட்ட வெளியில் கிடக்கும் டயரை எப்படிப் போட்டாலும் அதன் உட்குழிவில் மழைநீர் தேங்கும். கவிழ்த்தாலும் முழுவதும் வடிவதில்லை. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய இருண்ட, சிறிய, அசையாத நீரையே விரும்பித் தேடி முட்டையிடுகிறது. அம்முட்டைகள் நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிருடன் இருந்து, அடுத்த மழையில் பொரிக்கின்றன. ஆசியாவைச் சேர்ந்த புலிக் கொசு 1985-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் இராஜ்யத்தில் குடியேறியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டபோது, கப்பலில் இறக்குமதியான பழைய டயர்களில் இருந்த முட்டைகளே அதற்குக் காரணம் எனத் தெரியவந்தது. கடல் கடந்து கொசுவைக் கொண்டுசெல்ல வல்ல பொருள், களத்து மேட்டிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவர இயலாததா? முட்டை கொசுவாக ஒரு வாரத்திற்குச் சற்று மேல் போதும். ஆதலின் மழைக் காலத்தில் வாரம் ஒருமுறை டயர்களைப் பார்த்து நீரை வடித்துவிடுவது வீட்டாரின் கடமை; கூரையின் கீழ் வைத்துவிட்டால் இவ்வேலையே இல்லை.

வயதை அறிவது எங்ஙனம்

2000-ஆம் ஆண்டு முதல் பெரும்பாலான டயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் கொண்ட ஒரு குறி பொறிக்கப்படுகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிப்பன. 2319 என்று காணப்பட்டால் அது 2019-ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று கொள்க. மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது அதற்கும் முந்தியது. வேறு ஆராய்ச்சி வேண்டாம், கழற்றிவிடலாம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இக்குறி இருப்பதுண்டு. வெளிப்பக்கத்தில் காணாவிடில் வண்டியின் கீழே குனிந்து உட்பக்கத்தில் தேட வேண்டும். பழைய டயர் வாங்குவோர் பேரம் பேசத் தொடங்குமுன் இவ்வெண்ணைப் படிக்கக் கடவர்.

லாரியில் ஓடிக் கழித்த டயரை டிரெய்லருக்கு மாட்டுவது பரவலாக நடைபெறுகிறது. வேகம் குறைவு, எனவே போதும் என்பது இதற்குச் சொல்லும் சமாதானம். வேகம் குறைவு என்பது உண்மை. பாரம் குறைவு என்பது உண்மையன்று. அவ்வாறே ரீட்ரெட் செய்த டயரைப் புதிய டயர் என மயங்குவோரும் உளர். 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் பாக்டரி, டயர் செய்வதற்கு முன்னரே 1952-இல் ட்ரெட் ரப்பர் உற்பத்தியில் இறங்கிற்று என்பதிலிருந்தே, தேய்ந்த டயருக்கு மறுதளம் இடும் தொழில் நம் நாட்டில் எவ்வளவு வேரூன்றியது என்பது விளங்கும். அது சிக்கனமான, நல்ல தொழில்தான். ஆனால் புதிதாவது தரையைத் தொடும் மேல்தளமே. பக்கச் சுவரும், நூலடுக்கும், ஓரக்கம்பியும் பழையனவே. ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும் டிரெய்லருக்குத் தேவைப்படுவது புதுத் தளமன்று, இளமையான உடல். ஆகவே டிரெய்லருக்கு ரீட்ரெட் டயர் வாங்குவது, நம் கருத்தில், பெரும்பாலும் தவறான இடத்தில் செய்யும் சிக்கனம்.

எத்தனை ஆண்டில் டயரைக் கழிப்பது என்பதற்குக் கார் டயர் செய்யும் பெரிய கம்பெனிகள் சில ஒரு வரம்பு கூறுகின்றன: ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் நிபுணரைக் கொண்டு சோதிக்க வேண்டும், செய்த தேதியிலிருந்து பத்து ஆண்டுகள் ஆனால், பார்வைக்கு எவ்வளவு நன்றாயிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். டிரெய்லருக்கும் இதைக் கொள்ளலாம். சித்தூர் வெயிலில் நின்ற டயருக்கு இவ்வரம்பைத் தாராளமானதென்றே கருத வேண்டும்.

கரும்பு வெட்டுத் தொடங்குமுன் ஒரு நாள் சக்கரங்களைச் சோதிப்பதற்கென ஒதுக்குதல் வேண்டும். டயரைக் கழுவி உலர்த்திய பின், பக்கச் சுவரைக் கட்டை விரலால் அழுத்தி, வெடிப்பு விரிகிறதா, அதனடியில் நூல் தெரிகிறதா என்று பார்க்க. நூல் தெரிந்தால் மறுபேச்சுக்கு இடமில்லை. பக்கச் சுவரில் கட்டிபோல் புடைப்பு இருந்தால் உள்ளே அடுக்குப் பிரிந்துவிட்டது என்று பொருள், அதுவும் கழிக்கத்தக்கதே. பட்டன்களின் இடைவெளியில் ஓடும் வெடிப்பு, ரிம்மை ஒட்டிய ஓரத்தில் காணும் வெடிப்பு ஆகியவற்றைப் பலர் பார்க்கத் தவறுகின்றனர். பாரத்தின் இழுப்பு மிகுதியாக விழும் இடங்கள் அவை. வால்வையும், அதன் மூடியையும் நோக்க வேண்டும். இறுதியில் முழு அளவு காற்று ஏற்றி, ஓர் இரவு விட்டு, மறுநாள் காலையில் அளவுகோலால் அளக்க. காலால் உதைத்துக் காற்றின் அளவை அறியும் வித்தை, இறுகிப்போன பழைய டயரிடம் பலிக்காது. காற்றுக் குறைந்திருந்தாலும் அது கல்லைப்போல்தான் ஒலிக்கும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என ஐயுறுவோர், இரு சக்கர டிரெய்லரின் அமைப்பை எண்ணிப்பார்த்தல் தகும். லாரியின் பின்புறத்தில் ஒரு டயர் வெடித்தாலும், அருகிலுள்ள மற்றொன்று சிறிது நேரமாவது தாங்கும். இரு சக்கர டிரெய்லரில் பாரத்தின் பெரும்பகுதி இரண்டே டயர்களின் மேல் நிற்கிறது. ஒன்று வெடித்தால் வண்டி அப்பக்கம் சாய்வதைத் தடுக்க வேறொன்றும் இல்லை. கரும்புக் கட்டின் மேல் வெட்டுக் கூலியாட்கள் அமர்ந்து செல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. காற்றுக் குறைந்த, வயது முதிர்ந்த டயர் பாரத்தினால் மிகுதியாக நெளிந்து, உள்ளே சூடேறி, நீண்ட சாலையின் இறுதியில்தான் வெடிக்கிறது. புறப்பட்ட இடத்தில் அது எவ்விதக் குறியும் காட்டாது.

கழித்த டயரை என்ன செய்வது என்ற வினா எஞ்சுகிறது. சில வட்டாரங்களில் வெல்ல உலையில் விறகுக்குப் பதில் டயரை எரிப்பதுண்டு. அப்புகை உலையில் நிற்பவனின் நுரையீரலுக்கும், கொப்பரையில் கொதிக்கும் பாகுக்கும் ஒருங்கே கேடு. வெட்டி வாளி செய்வதும், கிணற்று ஓரத்தில் காப்பாக வைப்பதும் பழைய பழக்கங்கள். நீர் தேங்காதவாறு துளையிட்டுவிட்டால் அவற்றில் குற்றமில்லை. 2022-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட திருத்த விதிகளின்படி, கழிந்த டயர்களை மறுசுழற்சிக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும் சுமத்தப்பட்டுள்ளது. புதிய டயர் வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வது, விவசாயிக்கு எளிதான வழி. கொடுக்குமுன் பக்கச் சுவரைக் கத்தியால் ஓரிடத்தில் அறுத்துவிடுவது நன்று. இல்லையேல் அதே டயர் கறுப்புப் பூச்சுடன் அடுத்த ஊர்ச் சந்தைக்கு வந்து, வேறொருவருடைய வண்டியில் ஏறிவிடக்கூடும்.